செவிப்பறை கிழிந்துவிட்டால்: முதல் மணி நேரத்திலிருந்து மூன்றாவது மாதம் வரை

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தலைக்குக் குளித்துவிட்டு வந்து கூடத்தில் நின்றபடி பட்ஸால் வலக் காதைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நான்கு வயது மகள் ஓடிவந்து என் முழங்கையில் மோதினாள். சுருக்கென்று ஒரு வலி, காதுக்குள் காகிதம் கிழிவது போன்ற ஓசை, அதன்பின் அந்தப் பக்கம் முழுவதும் பஞ்சு வைத்து அடைத்தாற்போல மந்தம். பட்ஸை எடுத்துப் பார்த்தபோது நுனியில் மிளகளவு இரத்தம் இருந்தது. வீட்டில் எல்லோரும் பதறினார்கள். நல்லெண்ணெயில் பூண்டு தட்டிப்போட்டுச் சூடாக்கிக் கொண்டுவந்தார் என் மாமியார். அதை வேண்டாம் என்று மறுத்த நான், தெருமுனை மருந்துக்கடையில் கேட்டு வாங்கிவந்த சொட்டு மருந்தை மறுக்கவில்லை. இரண்டு சொட்டு விட்ட அரை நிமிடத்தில் தொண்டையில் கசப்பு இறங்கியது, கூடம் சுழன்றது, சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். காதில் விட்ட மருந்து தொண்டைக்கு எப்படி வந்தது என்ற கேள்விக்கு, மறுநாள் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒரே சொல்லில் விடை சொன்னார்: ஓட்டை.

அந்த ஓட்டை ஏழு வாரங்களில் தானாகவே மூடிக்கொண்டது. நான் மருத்துவர் அல்லேன். ஆனால் அந்த ஏழு வாரங்களில் மருத்துவரிடமும் செவித்திறன் பரிசோதகரிடமும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றை, இதே நிலையில் முதன்முறையாக வந்து நிற்பவர்களுக்காக வரிசைப்படுத்தி எழுதுகிறேன். அடிபட்ட செவிப்பறைக்கு நாம் செய்ய வேண்டியவற்றைக் காட்டிலும் செய்யாமல் விட வேண்டியவையே மிகுதி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அதைப் பற்றியதுதான்.

காதுக்குள் என்ன நேர்ந்திருக்கிறது

வளர்ந்தவர்களின் காதுத் துவாரம் ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர் நீளமுள்ள, சற்றே வளைந்த ஒரு குழாய். அதன் முடிவில் குறுக்கே இழுத்துக் கட்டியதுபோல் இருப்பதுதான் செவிப்பறை. பேச்சு வழக்கில் காது ஜவ்வு என்கிறோம். அதன் விட்டம் 8 முதல் 10 மில்லிமீட்டர், அதாவது சட்டைப் பொத்தான் அளவு, கனம் 0.1 மில்லிமீட்டர், அதாவது எழுதும் தாளின் கனம். இவ்வளவு மெல்லியதற்குள் மூன்று அடுக்குகள் உண்டு: வெளியே தோல், நடுவே நார்த்திசு, உள்ளே ஈரச்சவ்வு. பறைக்கு அப்பால் காற்று நிரம்பிய நடுச்செவி இருக்கிறது. அங்கே சுத்தி, பட்டடை, அங்கவடி என்ற மூன்று சிற்றெலும்புகள் ஒன்றையொன்று தொட்டு நின்று ஒலியை உட்செவிக்குக் கடத்துகின்றன. நடுச்செவியிலிருந்து மூக்கின் பின்புறத்துக்கு ஒரு குழாய் செல்கிறது. என் தொண்டையில் கசந்த மருந்து இறங்கிய வழி அதுதான்.

பறையில் ஓட்டை விழுந்தால் இரண்டு தொல்லைகள். ஒன்று, ஒலியை வாங்கி அதிரும் பரப்புக் குறைவதால் கேள்வி மந்தமாகிறது. மற்றொன்று, வெளியுலகின் நீரும் கிருமியும் இதுவரை போகாத நடுச்செவிக்குள் நேராகப் போக வழி கிடைக்கிறது. முதல் தொல்லை கண்ணுக்குத் தெரிவதுபோல் உடனே தெரிந்துவிடும். கேடு செய்வது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

ஆறுதல் தரும் செய்தி ஒன்றும் உண்டு. செவிப்பறையின் மேல்தோல் நடுவிலிருந்து விளிம்பை நோக்கியும், பின் துவாரத்தின் சுவரோடு வெளிப்பக்கமாகவும், நகம் வளர்வதுபோல மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. காதுக் குறும்பி தானாக வெளியே வந்து உதிர்வது இந்த நகர்வினால்தான். காதைப் பட்ஸால் குடைய வேண்டிய தேவையே இல்லை என்பதை நான் அடிபட்ட பிறகே அறிந்தேன். இதே வளர்ச்சிதான் கிழிந்த இடத்தையும் மெல்ல மூடுகிறது. அடிபட்டுக் கிழிந்த செவிப்பறைகளில் பத்தில் எட்டுக்கும் மேற்பட்டவை, தொற்று ஏற்படாமல் பார்த்துக்கொண்டால், சில வாரங்களிலிருந்து மூன்று மாதங்களுக்குள் அறுவை சிகிச்சை இல்லாமலேயே மூடிவிடுகின்றன.

முதல் படி: காத்திருக்கக் கூடாத அறிகுறிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்

வலியும், சில துளி இரத்தமும், மந்தமும், இரைச்சலும் மட்டும் இருந்தால் அன்றோ மறுநாளோ காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்தால் போதும். ஆனால் கீழே சொல்பவற்றில் ஒன்று இருந்தாலும், இரவு எத்தனை மணியானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸை அழைக்கத் தயங்க வேண்டாம்.

வாகன விபத்திலோ கீழே விழுந்தோ தலையில் அடிபட்டு, அதன்பின் காதிலிருந்து இரத்தமோ தெளிந்த நீரோ வழிந்தால், மண்டையோட்டின் அடிப்பகுதி எலும்பு முறிந்திருக்கலாம். அந்தத் தெளிந்த நீர் மூளையைச் சூழ்ந்திருக்கும் திரவமாக இருக்கலாம். அப்போது பஞ்சைத் திணித்து அடைக்கக் கூடாது. காதின் மேல் சுத்தமான துணியைத் தளர்வாக வைத்து, வழிவதை வழியவிட்டபடியே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காதுக்குப் பின்னாலுள்ள எலும்பின் மேல் ஓரிரு நாளில் கருநீலமாகக் கன்றிப்போவதும் இதே முறிவின் அடையாளம்தான்.

நிற்க முடியாத அளவுக்குத் தலை சுற்றி, வாந்தி தொடர்ந்து, கண்விழிகள் தாமாக ஒரு பக்கம் இழுத்து இழுத்து அசைந்தால், ஊசியோ குச்சியோ அங்கவடி எலும்பை உட்செவிக்குள் தள்ளியிருக்கக்கூடும். முகத்தின் ஒரு பக்கம் கோணினாலோ கண்ணை மூட முடியாவிட்டாலோ, நடுச்செவியை ஒட்டிச் செல்லும் முகநரம்பு பாதிக்கப்பட்டிருக்கிறது. அந்தக் காதில் தொலைபேசியை வைத்தால் எதுவுமே கேட்கவில்லை என்றால், அது வெறும் ஓட்டையால் வரும் மந்தம் அன்று. உட்செவி நரம்புப் பகுதி பாதிக்கப்பட்டிருந்தால் மருந்து எவ்வளவு சீக்கிரம் தொடங்கப்படுகிறதோ அவ்வளவு நல்லது என்பதால், இதில் 'நாளைக்குப் பார்க்கலாம்' என்ற பேச்சுக்கே இடம் தரக் கூடாது.

நாக்கின் ஒரு பக்கத்தில் மட்டும் உலோகச் சுவையோ மரத்துப்போன உணர்வோ சிலருக்கு வரும். சுவை நரம்பின் ஓர் இழை பறையின் பின்புறமாகச் செல்வதே அதற்குக் காரணம். இதற்கு இரவோடு இரவாக ஓட வேண்டியதில்லை; மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள்.

இரண்டாம் படி: முதல் ஒரு மணி நேரம்

நிமிர்ந்து உட்காருங்கள். புற மடலில் வழிந்த இரத்தத்தைச் சுத்தமான துணியால் வெளியே மட்டும் ஒற்றி எடுங்கள். துவாரத்துக்குள் உறைந்திருக்கும் இரத்தத்தைக் கிளறாதீர்கள். அது உறைந்து கிடப்பதால் ஒரு கெடுதியும் இல்லை. குச்சியின் பஞ்சோ ஊக்கின் முனையோ உள்ளே தங்கிவிட்டது என்று தோன்றினாலும் நீங்களே எடுக்க முயல வேண்டாம். அதை நுண்ணோக்கியின் கீழ் எடுப்பதற்கு ஆட்கள் இருக்கிறார்கள்.

வலிக்கு, ஒவ்வாமையோ கல்லீரல் கோளாறோ இல்லாத பெரியவர்கள் பாராசிட்டமால் 500 மில்லிகிராம் மாத்திரை எடுத்துக்கொள்ளலாம். குழந்தைகளுக்கு உடல் எடையைக் கணக்கிட்டுத் தர வேண்டும் என்பதால் மருத்துவரிடம் கேட்டே கொடுங்கள். ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கூடாது. குத்தியது துருப்பிடித்த கம்பி, துடைப்பக் குச்சி, வயலில் கிடந்த முள் போன்றதாக இருந்தால், கடைசியாக டெட்டனஸ் தடுப்பூசி எப்போது போட்டீர்கள் என்பதை நினைவுபடுத்திக்கொண்டு போங்கள்.

இனி, காதுக்குள் விடக் கூடாதவை. நம் வீடுகளில் காது வலி என்றவுடன் கை போகும் பொருட்கள் அனைத்தையும் பெயர் சொல்லியே எழுதுகிறேன்: காய்ச்சிய நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், பூண்டுச் சாறு, வெங்காயச் சாறு, துளசிச் சாறு, தாய்ப்பால், உப்பு நீர், ஹைட்ரஜன் பெராக்சைடு, குறும்பி இளக்கும் சொட்டு மருந்து. இவற்றில் எதையும் ஒரு சொட்டுக்கூட விடாதீர்கள். பறை முழுதாக இருக்கும்போது துவாரத்தோடு நின்றுவிடும் பொருள், பறை கிழிந்திருக்கும்போது நடுச்செவிக்குள் போய்த் தங்குகிறது. அங்கிருந்து அதைக் கழுவி எடுக்க வழியில்லை. சூடான எண்ணெய் நடுச்செவியின் ஈரச்சவ்வைச் சுடும். தாய்ப்பாலும் சாறும் கிருமி வளர உணவாகும். பாட்டியோ மாமியாரோ அன்போடு எண்ணெய்க் கரண்டியை எடுத்துவரும்போது மறுப்பது எளிதன்று என்பதை நான் அறிவேன். 'உள்ளே ஓட்டை இருக்கிறது, டாக்டர் பார்க்கும்வரை எதுவும் விடக் கூடாதாம்' என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். ஓட்டை என்ற சொல் அவர்களுக்கு உடனே புரியும்.

காதில் ஊற்றி வாய்வழியே வருகிறதா என்று பார்ப்பதும், மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு முக்கிக் காதில் காற்று வருகிறதா என்று பார்ப்பதும் சோதனைகள் அல்ல. கிழிசலைப் பெரிதாக்கும் வழிகள்.

மூன்றாம் படி: மருத்துவரிடம் என்ன சொல்வது, அவர் என்ன செய்வார்

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவு உண்டு. தனியாரிடம் சென்றாலும் பொது மருத்துவரோடு நிறுத்திக்கொள்ளாமல் இந்தத் துறை மருத்துவரைப் பார்ப்பது நல்லது. ஓட்டையின் அளவையும் இடத்தையும் தெளிவாகக் காட்டும் நுண்ணோக்கியோ எண்டோஸ்கோப்போ அவர்களிடம்தான் இருக்கும்.

எதனால் அடிபட்டது என்பதைத் துல்லியமாகச் சொல்லுங்கள், ஏனெனில் காரணத்தைப் பொறுத்துக் கவனிப்பு மாறும். கன்னத்தில் அறை விழுந்ததா, குச்சி குத்தியதா, கிணற்றிலோ நீச்சல் குளத்திலோ குதித்தபோது நேர்ந்ததா, வெடிச் சத்தமா, வெல்டிங் தீப்பொறி தெறித்ததா என்று தெளிவாகக் கூறுங்கள். அதற்கு முன்பே அந்தக் காதில் சீழ் வடிந்த வரலாறு உண்டா, எந்தச் சொட்டு மருந்தையாவது விட்டீர்களா என்பதையும் மறைக்காதீர்கள். நான் விட்ட மருந்தின் குப்பியைக் கையோடு எடுத்துச் சென்றது பயன்பட்டது.

மருத்துவர் முதலில் காதுக்குள் விளக்கடித்துப் பார்ப்பார். நலமான பறை முத்தின் நிறத்தில், ஒளி ஊடுருவும்படி இருக்கும். கிழிந்த பறையில் விளிம்பு பிசிறிட்ட, இரத்தம் கசிந்த ஓர் இடைவெளி தெரியும். பிறகு 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டி, ஒருமுறை நெற்றி நடுவிலும், ஒருமுறை காதின் பின் எலும்பிலும், ஒருமுறை காதுக்கு முன்னாலும் வைத்து, எங்கே நன்றாகக் கேட்கிறது என்று கேட்பார். நெற்றியில் வைத்தபோது எனக்கு அடிபட்ட காதில்தான் ஒலி பலமாகக் கேட்டது. கெட்ட காதில் எப்படிக் கூடுதலாகக் கேட்கிறது என்று நான் அஞ்சினேன். உட்செவி நன்றாக இருந்து, ஒலி கடத்தும் பாதை மட்டும் கெட்டிருப்பதன் அடையாளம் அது என்று மருத்துவர் சொன்னபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அடுத்து ஆடியோகிராம் எனப்படும் செவித்திறன் பரிசோதனை. இதை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். பின்னால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு இன்றைய அளவு தேவை. வரைபடத்தில் வலக் காது சிவப்பு வட்டமாகவும் இடக் காது நீலப் பெருக்கல் குறியாகவும் காட்டப்படும். கோடு கீழே இறங்க இறங்கக் கேள்வி குறைவு. பெரியவர்களுக்கு 25 டெசிபல் வரை இயல்பு என்று பொதுவாகக் கொள்வார்கள். வெறும் ஓட்டையாக இருந்தால் இழப்பு 40 டெசிபலைத் தாண்டுவது அரிது. தாண்டியிருந்தால் சிற்றெலும்புகளின் தொடர்ச்சி விட்டுப்போயிருக்கிறதா என்று மருத்துவர் ஐயுறுவார், ஸ்கேன் எழுதித் தரலாம். என் கணக்கு 30 டெசிபல் என்று வந்தது. அந்தத் தாளை நெகிழி உறையில் போட்டு வைத்திருந்தேன், ஒவ்வொரு முறையும் எடுத்துச் சென்றேன்.

யாரேனும் அடித்ததால் கிழிந்திருந்தால்

இதைத் தனியாக எழுதியே ஆக வேண்டும். கன்னத்தில் விழும் அறை, உள்ளங்கை காதை முழுதாக மூடும்படி விழுந்தால், துவாரத்தில் உள்ள காற்றை அடைத்துத் தள்ளிப் பறையைக் கிழித்துவிடும். அடிப்பவர்களில் பெரும்பாலோர் வலக்கைப் பழக்கமுள்ளவர்கள் என்பதால் இடக் காதே மிகுதியாகக் கிழிகிறது. வீட்டில் அடிபட்ட பெண்களும் பள்ளியில் அடிபட்ட பிள்ளைகளும் 'கதவில் இடித்துக்கொண்டேன்' என்று சொல்லும்போது, சிகிச்சையும் தவறிப்போகிறது, சான்றும் தவறிப்போகிறது.

மருத்துவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் பதிவு செய்து, அதன் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், ஏ.ஆர். காப்பி என்று கேட்டால் அங்கே எல்லோருக்கும் தெரியும். சில நாட்கள் கழித்துப் போனால் கிழிசலின் விளிம்பு ஆறத் தொடங்கிவிடும். புதிய காயம் என்பதை உறுதியாகச் சொல்வது கடினமாகும். ஆகவே அன்றே போவது நல்லது. ஒரு காதின் கேட்கும் திறன் நிரந்தரமாக இழக்கப்படுவதை, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-ஆம் பிரிவு கொடுங்காயம் என்றே வகைப்படுத்துகிறது. அதற்கு முன்பிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 320-ஆம் பிரிவும் அவ்வாறே சொன்னது. பிள்ளைகளை உடலால் தண்டிப்பதை 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடைசெய்கிறது. உதவிக்குப் பெண்கள் 181 என்ற எண்ணையும், குழந்தைகளுக்காக 1098 என்ற எண்ணையும் அழைக்கலாம்.

நான்காம் படி: காதை உலர்வாக வைத்திருக்கும் வாரங்கள்

சிகிச்சை என்பது உண்மையில் இதுதான். மருந்துச் சீட்டில் ஒரு வரியாக 'காதில் தண்ணீர் படக் கூடாது' என்று எழுதித் தருவார்கள். அந்த ஒரு வரியை ஏழு வாரம் நடைமுறைப்படுத்துவது எப்படி என்பதை யாரும் விளக்கிச் சொல்வதில்லை. எனவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

கழுத்துக்குக் கீழே குளிக்கும்போதுகூடத் தண்ணீர் தெறிக்கும் என்பதால், ஒவ்வொரு குளியலுக்கும் முன் காதை மூட வேண்டும். நெல்லிக்காய் அளவு பஞ்சை எடுத்து உருண்டையாக்குங்கள். வெறும் பஞ்சு தண்ணீரைத் திரிபோல் உறிஞ்சி உள்ளே கொண்டுபோகும். அதனால் அதன் வெளிப்புறம் முழுவதும் வாசலினை நன்றாகப் பூசிப் புரட்டுங்கள். விரலில் வைத்து உருட்டினால் நீர் ஒட்டாத மெழுகுருண்டை போல ஆக வேண்டும். அதைத் துவாரத்தின் வாயில், மடலின் குழிவில் உட்காரும்படி மெல்ல அமர்த்துங்கள், உள்ளே திணிக்காதீர்கள். உருண்டை பெரிதாக இருந்தால் தானாகவே வாயிலோடு நின்றுவிடும், சிறிதாக இருந்தால்தான் உள்ளே போகும். குளித்து முடித்ததும் எடுத்து எறிந்துவிட்டு, மடலை மட்டும் துண்டால் ஒற்றுங்கள். அடுத்த நாளுக்குப் புதிய பஞ்சு. பகல் முழுவதும் அடைத்தே வைத்திருப்பதும் தவறு. உள்ளே புழுக்கம் ஏறிக் கிருமி வளரும்.

தலைக்குக் குளிப்பதை மருத்துவர் சொல்லும்வரை தள்ளிப்போடுங்கள். முடியவே முடியாது என்னும் நிலை வந்தால், மேற்சொன்னபடி பஞ்சை அமர்த்திக்கொண்டு, கட்டில் ஓரத்தில் மல்லாந்து படுத்துத் தலையைப் பின்னால் சற்றே தொங்கவிட்டு, வேறொருவரைக் குவளையால் நெற்றியிலிருந்து பின்பக்கமாக நீர் ஊற்றி அலசச் சொல்லுங்கள். என் கணவர் இதை மூன்று முறை செய்தார்; முதல் முறை தரையெல்லாம் வெள்ளம், மூன்றாவது முறை ஒரு சொட்டும் காதுப் பக்கம் வரவில்லை. ஷாம்பு நுரை, சீயக்காய்த் தண்ணீர் இரண்டிலும் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். சோப்பு கலந்த நீர், வெறும் நீரைவிட எளிதாகச் சிறு துளைக்குள் ஊடுருவிவிடும். எண்ணெய்க் குளியல் அறவே வேண்டாம். ஆறு, குளம், கடல், நீச்சல் குளம் எதிலும் பஞ்சை நம்பி இறங்காதீர்கள்.

தவறி நீர் புகுந்துவிட்டால் தலையை அந்தப் பக்கம் சாய்த்து வடிய விடுங்கள். தலைமுடி உலர்த்தும் கருவியை மிகக் குறைந்த சூட்டில், ஒரு முழத்துக்கு அப்பால் பிடித்து மடலை உலர்த்தலாம். துணி முனையைத் திரித்து உள்ளே விட வேண்டாம்.

இனி, நீருக்கு அடுத்த பகை அழுத்தம். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு தும்மினால் அந்தக் காற்று மூக்கின் பின்புறக் குழாய் வழியே நடுச்செவிக்குப் பாய்ந்து, அன்றுதான் படர்ந்த மெல்லிய படலத்தை ஊதிக் கிழித்துவிடும். தும்மல் வந்தால் வாயை நன்றாகத் திறந்து தும்முங்கள். மூக்கைச் சிந்த நேர்ந்தால் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டும், மெதுவாக. சளி பிடித்திருந்தால் அதற்கான மருந்தை மருத்துவரிடம் தனியாகக் கேட்டு வாங்குங்கள். இந்த வாரங்களில் சளி சாதாரண விஷயம் அன்று. கபாலபாதி, பஸ்திரிகா போன்று காற்றை வேகமாகத் தள்ளும் மூச்சுப் பயிற்சிகள், மூக்கில் நீர் விடும் நேதி, மூச்சடக்கிப் பளு தூக்குதல் ஆகியவற்றை நிறுத்தி வையுங்கள். நாதஸ்வரம், சங்கு, புல்லாங்குழல் வாசிப்பவர்கள் எப்போது மீண்டும் தொடங்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டே தொடங்க வேண்டும்.

துவாரத்துக்குள் செருகும் இயர்போனை அடிபட்ட காதில் போடக் கூடாது. கைபேசியை மற்றக் காதில் வைத்துப் பேசுங்கள். விமானப் பயணம் இருந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லுங்கள். திறந்த ஓட்டை இருக்கும்போது அழுத்தம் அதன்வழியே சமநிலை அடைந்துவிடும் என்பதால் பெரும்பாலும் தொல்லை இல்லை. அரைகுறையாக மூடிய நிலையிலும் அறுவை சிகிச்சைக்குப் பின்னும்தான் யோசிக்க வேண்டும்.

மருந்துகளைப் பற்றி

சுத்தமாக, உலர்ந்து கிழிந்த பறைக்கு ஆன்டிபயாட்டிக் பொதுவாகத் தேவைப்படுவதில்லை. மருத்துவர் ஒன்றும் எழுதித் தராமல் 'தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டு மூன்று வாரம் கழித்து வாங்க' என்றால், அவர் அக்கறையின்றிச் சொல்கிறார் என்று எண்ணி வேறிடம் ஓடாதீர்கள். குளத்து நீரில் குதித்துக் கிழிந்தது, அழுக்கான பொருள் குத்தியது, சீழ் வடியத் தொடங்கியது ஆகிய நிலைகளில்தான் மருந்து தருவார்கள்.

அவ்வாறு தரும் சொட்டு மருந்து எது என்பது மிக முக்கியம். ஓஃப்லாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின் வகைச் சொட்டுகள் ஓட்டையுள்ள காதுக்கும் ஏற்றவை. ஜென்டாமைசின், நியோமைசின் வகைகள் நடுச்செவிக்குள் போனால் உட்செவியின் கேட்கும் செல்களையும் சமநிலைச் செல்களையும் கெடுக்கக்கூடியவை. கடைக்காரர் தரும் குப்பியின் சிறு எழுத்தைப் படித்துப் பாருங்கள், எனக்கு நேர்ந்தது உங்களுக்கு நேர வேண்டாம். சரியான மருந்தையும் குளிர்ச்சியாக விட்டால் தலை சுற்றும். குப்பியை உள்ளங்கையில் சில நிமிடம் பொத்தி வைத்து உடல் சூட்டுக்குக் கொண்டுவந்து, படுத்துக்கொண்டு விடுங்கள்.

வெடியும் தீப்பொறியும்

குச்சிக் காயத்துக்கும் அறைக்கும் நான் சொன்ன நம்பிக்கையான கணக்கு, இந்த இரண்டுக்கும் அப்படியே பொருந்தாது. நம் நாட்டில் பட்டாசின் ஒலிக்கு விதித்துள்ள 125 டெசிபல் வரம்பு, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி அளக்கப்படுவது. கையருகே வெடித்தால் காதுக்கு வருவது அதைவிட மிகக் கூடுதல். அந்த அதிர்ச்சி பறையைக் கிழிப்பதோடு நில்லாமல் உட்செவியையும் தாக்குகிறது. தீபாவளி நாளில் வெடி அருகே வெடித்து, இரவு முழுவதும் ஙொய் என்று இரைச்சல் நிற்காமலிருந்தால், பண்டிகை முடியட்டும் என்று காத்திராமல் மறுநாளே ஆடியோகிராம் எடுக்க வேண்டும். வெடியில் கிழிந்த பறையின் விளிம்புகள் உட்புறமாக மடங்கிக்கொள்வதும் உண்டு. அப்படி மடங்கிய தோல் நடுச்செவிக்குள் வளர்ந்து, கொலஸ்டியடோமா என்னும் தோல்கட்டியாகி, எலும்பை அரிக்கத் தொடங்கும். மருத்துவர் அந்த விளிம்புகளை நுண்ணோக்கியில் பார்த்து வெளியே நிமிர்த்தி விடுவார்.

வெல்டிங் பட்டறைகளில் தெறிக்கும் உலோகத் துளி பறையைச் சுட்டுத் துளையிடுகிறது. சுட்ட விளிம்பில் இரத்த ஓட்டம் அற்றுப்போவதால் அது தானாக மூடுவது குறைவு. அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்று முதலிலேயே மனத்தில் கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: ஆறுகிறதா என்று அறிவது

மருத்துவர் குறித்த நாளில் தவறாமல் போவதே ஒரே உறுதியான வழி. ஆயினும் வீட்டில் சில மாற்றங்களை உணரலாம். முதல் வாரத்தில் வலி அடங்கும். இரண்டாம் மூன்றாம் வாரங்களில் உள்ளே அரிப்பு எடுக்கும். இந்த அரிப்புதான் பலரை மீண்டும் பட்ஸை எடுக்கவைக்கிறது. எனக்குக் கை பரபரத்தபோதெல்லாம் மடலின் முன்புறக் குருத்தெலும்பை விரலால் அழுத்தித் தேய்த்துச் சமாளித்தேன். இரைச்சல் மெல்லக் குறையும். மூக்கைச் சிந்தும்போது காதில் 'உஸ்' என்று காற்று வெளியேறும் உணர்வு ஒருநாள் நின்றுபோகும்.

மாறாக, வலி குறைந்து பின் மீண்டும் கூடினாலோ, மஞ்சளாகவோ துர்நாற்றத்தோடோ நீர் வடிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, குறித்த நாள்வரை காத்திருக்காமல் உடனே போங்கள். தொற்று ஏற்பட்ட காது ஆறுவதை நிறுத்திவிடும். சிறு பிள்ளைகள் இவற்றைச் சொல்லத் தெரியாமல் இருப்பார்கள்; தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டுவது, அழைத்தால் ஒரு பக்கமாகவே திரும்புவது, காதைப் பிடித்து இழுப்பது, தலையணையில் கறை ஆகியவற்றைப் பெற்றோர் கவனிக்க வேண்டும்.

மூன்று மாதமாகியும் மூடாவிட்டால்

சிறு ஓட்டையாக இருந்தால் மருத்துவர் விளிம்பை அமில மருந்தால் தொட்டுப் புண்ணாக்கி, அதன் மேல் மெல்லிய தாளையோ கரையும் நுரைப்பஞ்சையோ ஒட்டு போல வைப்பார்; அந்த ஒட்டைப் பந்தல்போல் பற்றிக்கொண்டு தோல் படர்ந்து மூடும். இது வெளிநோயாளியாகவே முடிந்துவிடக்கூடிய வேலை. சிலருக்கு மீண்டும் மீண்டும் செய்ய வேண்டியிருக்கும்.

பெரிய ஓட்டைக்கு மிரிங்கோபிளாஸ்டி என்னும் அறுவை சிகிச்சை. காதுக்கு மேலே பொட்டுத் தசையை மூடியிருக்கும் மெல்லிய உறையிலிருந்து ஒரு துண்டையோ, மடலின் குருத்தெலும்பிலிருந்து ஒரு சீவலையோ எடுத்து, கிழிந்த பறையின் அடியில் அமர்த்துவார்கள். உங்கள் உடம்பின் திசுவே என்பதால் உடல் அதை ஏற்றுக்கொள்கிறது. அனுபவமுள்ள கையில் பெரும்பாலோருக்கு இது வெற்றி பெறுகிறது. தேவைப்பட்டால் சிற்றெலும்புகளையும் அப்போதே சரிசெய்வார்கள். அறுவைக்குப் பின் கேட்கும் திறன் உடனே திரும்பாது. உள்ளே வைத்த நுரைப்பஞ்சு கரைந்து வெளியேற வாரங்கள் ஆகும். அதுவரை நான்காம் படியில் சொன்ன நீர்க் காப்பும் அழுத்தக் காப்பும் முதல் நாளிலிருந்து மறுபடியும் தொடரும். செலவு குறித்துக் கவலையிருந்தால், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டையோடு சென்று, மருத்துவமனையிலுள்ள திட்ட அலுவலரிடம் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மூடிய பிறகு

என் காது மூடியதை எண்டோஸ்கோப் திரையில் மருத்துவர் காட்டினார். பழைய பறையின் முத்து நிறத்துக்கு நடுவே, வெங்காயச் சருகு போல, அதைவிட மெல்லிய ஒரு வட்டம் ஒளியில் பளபளத்தது. அந்த இடத்தில் நடு அடுக்கின் நார்த்திசு முழுதாகத் திரும்பாமல் போகலாம் என்றும், அதனால் அது சில காலம் வலுவின்றி இருக்கும் என்றும் சொன்னார். அன்றே எடுத்த ஆடியோகிராமில் 15 டெசிபல் காட்டியது. தலைக்குக் குளிக்க உடனே அனுமதி கிடைத்தது. நீச்சலுக்கு மேலும் ஒரு மாதம், ஆழத்தில் மூழ்குவதற்குக் காதை மீண்டும் காட்டிவிட்டு என்று எழுதித் தந்தார்.

ஓட்டை மூடியும் மந்தம் நீடித்தால் அப்படியே விட்டுவிடாமல் மறுபடி ஆடியோகிராம் கேளுங்கள். எலும்புத் தொடர்ச்சியில் உள்ள குறை அப்போதுதான் வெளிப்படும். பின்னாளில் வேறு காரணத்துக்காகக் காதைக் காட்டப் போனாலும், குறும்பி எடுக்க யாரேனும் நீர் பீய்ச்சத் தொடங்குவதற்கு முன்பே, இந்தக் காது ஒருமுறை கிழிந்து ஆறியது என்று சொல்லிவிடுங்கள். அவர்கள் நீரை வைத்துவிட்டு உறிஞ்சு குழாயை எடுத்துக்கொள்வார்கள்.